கயிறு தொட்டவர்களின் பட்டியல்

மதினி,

இன்று காலை நம் ஏ.சி. அறையிலிருந்து பழைய சர்வரைத் தூக்கினார்கள். மதுரையிலிருந்து புதுசு வந்திருக்கிறது. பழசு உட்கார்ந்திருந்த இரும்பு அலமாரியை நகர்த்தியதும், அதற்கும் சுவருக்கும் நடுவிலிருந்து ஒரு பொட்டலம் தொப்பென்று விழுந்தது. கூடவே கிளம்பியது பார் ஒரு வாடை! நெத்திலிக் கருவாட்டு வாடை. புது சர்வரைப் பொருத்த வந்திருந்த கம்பெனிக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கே ஓடிவிட்டார். நான் ஓடவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.

ஆறு வருஷம், மதினி! ஆறு வருஷமாக அந்த அறையில் ஏதோ அடிக்கிறது என்று ஏ.சி. மெக்கானிக்கை எத்தனை தடவை வரவழைத்திருப்பேன்? கேஸ் கசிகிறது என்றேன். குழாயில் தண்ணீர் தேங்குகிறது என்றேன். எலி செத்துக் கிடக்கிறது என்றேன். அத்தனைக்கும் நீ பக்கத்திலேயே நின்று, "ஆமா மதினி, எனக்கும் அடிக்கிது. நல்லாப் பாக்கச் சொல்லு" என்று பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாய். அடிப்பாவி! போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்து ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தாய். இன்றைக்கு வந்து வசமாக மாட்டிக்கொண்டாயே.

பொட்டலத்தில் பாலித்தீன் பை, அதற்கு மேல் நாலாக மடித்த ஒரு காகிதம், அதற்கு மேல் சணல் கயிறு. காகிதத்தைப் பிரித்தேன். உன் கையெழுத்து. அதில் இருந்ததைப் பிறகு சொல்கிறேன். உனக்குத் தெரிந்த விஷயம்தான், எனக்குத்தான் இன்றைக்குத் தெரிந்தது.

சர்வர் வந்த புதிதில் நான் எப்படி இருந்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். நயினார்கோவில் பக்கத்து விவசாயி வீட்டுப் பெண், டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தவள், மதுரையில் பத்து நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்ததும் தலைகால் புரியவில்லை. ராமநாதபுரத்தில் நம் தொண்டு நிறுவனம் முழுவதற்கும் அது ஒன்றுதான் சர்வர். எல்லாக் கம்ப்யூட்டரிலிருந்தும் ஆட்கள் அதில்தான் கோப்புகளைப் போட வேண்டும். யார் எதைத் திறக்கலாம், யாருக்கு எவ்வளவு இடம் என்று முடிவு செய்கிறவள் நான். கட்டடத்திலேயே ஏ.சி. இருந்த ஒரே அறையின் சாவி என் இடுப்பில். டைரக்டர் ஐயாவே கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

நீ தட்டவில்லை. தங்கச்சிமடத்திலிருந்து பஸ் பிடித்து, பாலம் தாண்டி வந்து இறங்கியவள், நேராக அந்த அறைக்குள் நுழைந்து ஒரு பையை சர்வர் தலையில் வைத்தாய்.

"என்ன இது?"

"மீனு. சாயங்காலம் எங்க சின்னம்மா வீட்டுக்குக் கொண்டு போகணும். வெளிய வெயிலு கொளுத்துது, இங்கன இருந்தா கெடாதுல்ல."

"இது சர்வர் ரூம்!"

"தெரியுது மதினி. நல்லா சில்லுன்னு இருக்கு."

நான் உனக்கும் நீ எனக்கும் மதினியானது அந்த நிமிஷம்தான். உன் அண்ணனை நான் கட்டவில்லை, என் அண்ணனை நீ கட்டவில்லை. ஆனால் அலுவலகத்தில் யாரும் அதை விசாரிக்கவில்லை. நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்ட பேச்சைக் கேட்டால் சம்பந்தி வீடு என்றுதான் எவருக்கும் தோன்றும். நான் கோபக்காரி, நீ கோபமே வராதவள். அதுவே எனக்கு மேலும் கோபத்தைக் கிளப்பும்.

மொத்தம் முப்பத்தாறு ஜிபி. நான் அதை மூன்று குரூப்புக்கும் சமமாகப் பிரித்தேன். மீனவர்களுக்கு வேலை பார்த்த உன் கடல் பிரிவுக்குப் பன்னிரண்டு, கடலாடிப் பக்கத்துக் கண்மாய் வேலை பார்த்த வயல் பிரிவுக்குப் பன்னிரண்டு, அலுவலகத்துக்குப் பன்னிரண்டு. யாரும் யாருடைய ஃபோல்டரையும் திறக்க முடியாது. அந்தக் கோட்டாவைத் தாண்டினால் 'இடம் இல்லை' என்று சர்வரே சொல்லிவிடும். எவ்வளவு நேர்த்தி என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐந்தாவது மாதமே உன்னுடையது நிரம்பிவிட்டது. நிரம்பாமல் என்ன செய்யும்? கரையில் உள்ள ஒவ்வொரு படகின் பதிவுத் தாள், ஒவ்வொரு ஆளின் ரேஷன் கார்டு, ஒவ்வொருவர் முகமும் பெரிசு பெரிசாகக் கலரில். "கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் பண்ணினா கால்வாசி இடந்தான் பிடிக்கும்" என்று தலையால் அடித்துக்கொண்டேன். "கடல்ல ஒருத்தன் காணாமப் போனான்னா அவன் மொகத்தக் கறுப்பு வெள்ளையிலயா மதினி காட்டுறது?" என்றாய். என்னை மடக்கினால் நான் என்ன செய்வேன்? கத்துவேன். கத்தினேன்.

உன் ஃபோல்டரில் தேவையில்லாததைக் களையப்போகிறேன் என்று ஒரு நாள் உட்கார்ந்தபோதுதான் 'கடல் அரிப்பு ஆய்வு' என்ற பெரிய கோப்பு கண்ணில் பட்டது. திறந்தால் ஆய்வா அது? உன் மகள், வெள்ளை கவுனும் தலையில் பூ முடியுமாக, மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு மாதா கோயிலுக்குள் நடந்து போகிறாள். முதல் தடவையாக நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கும் நாள். பின்னால் கேமராவுக்குப் பக்கத்தில் உன் குரல்: "ஏத்தா, நிமிந்து நட! மெழுகுவத்தி மேல ஊத்திராத!" நான் மூன்று முறை பார்த்தேன். பிறகு வெளியே வந்து, "கடல் அரிப்பு ஆய்வ நாளைக்குள்ள அழிச்சிரணும்" என்று எல்லார் முன்னாலும் அதிகாரமாகச் சொன்னேன். நீ தலையை ஆட்டினாய். நீயும் அழிக்கவில்லை, நானும் மறுபடி கேட்கவில்லை.

"சமமாப் பிரிச்சா அது பங்கா?" என்று நீ ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தாய். "எங்க கரையில வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, அதுக்கப்புறம் ஆளுக்கு ஒரு பங்கு. எதுக்கு எம்புட்டு வேணுமோ அம்புட்டு."

"இது மீனில்ல, ஜிபி."

"வயல்ல பாரு, பன்னண்டுல மூணத் தாண்டல. மிச்சம் சும்மா கெடந்து ஈ மொய்க்கிது."

"கெடந்துட்டுப் போகுது. ஒழுங்குன்னா ஒழுங்குதான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் ஊருக்கு வரச் சொன்னாய். பூசை முடிந்து கரைக்குக் கூட்டிப்போனாய். கரைவலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு முனையையும் கரையில் நின்று இருபது முப்பது பேர் இழுப்பது. வேடிக்கை பார்க்கப் போன என்னிடம் உன் தம்பி, "மதினி, சும்மா நிக்கிறதுக்குக் கயித்தப் புடிங்க" என்றான். அவனுக்கும் நான் மதினியாகிவிட்டேன். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பிடித்தேன். ஐந்து நிமிஷத்தில் உள்ளங்கை எரிந்தது. பத்து நிமிஷத்தில் நானும் அவர்களோடு சேர்ந்து "ஏலேலோ" சொல்லிக்கொண்டிருந்தேன். வலை ஏறியதும் மீனைப் பிரித்தார்கள். என் முன்னாலும் ஒரு கும்பம் மீன் குவியலாக வந்து விழுந்தது.

"எனக்கா? நான் என்ன செஞ்சேன்?"

"கயிறு தொட்டீகல்ல?" என்றான் உன் தம்பி. அவ்வளவுதான். அதற்கு மேல் அங்கே விளக்கம் எதுவும் கிடையாது. முந்தானையில் மீனைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். என் வாழ்நாளில் அத்தனை ருசியாக மீன்குழம்பு வைத்ததில்லை.

அந்த இளக்கத்தில்தான் தப்புச் செய்தேன். உன் குரூப்பில் யாரைச் சேர்ப்பது என்பதை நீயே முடிவு செய்துகொள் என்று அனுமதி கொடுத்துவிட்டேன். உனக்கு உதவியாக ஒரு ஆளையோ இரண்டு ஆளையோ சேர்ப்பாய் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கடல் குரூப்பில் அலுவலகமே இருக்கிறது! ஜீப் டிரைவர் முனியசாமி. வயல் பிரிவில் பாதிப் பேர். போதாததற்கு, கம்ப்யூட்டரில் பெயரே இல்லாதவர்களை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டுவந்து என் மேஜையில் வைத்து, "இவகளுக்கும் ஒரு பாஸ்வேர்டு போட்டுக் குடு மதினி" என்றாய். டீ போடுகிற காளியம்மா. எதிர்க் கடை ஜெராக்ஸ் பாய்.

"காளியம்மாவுக்கு எழுதப் படிக்கவே தெரியாது! அவளுக்கு எதுக்குக் கம்ப்யூட்டரு?"

"போட்டோ எடுத்தப்ப ஒவ்வொருத்தனையும் உக்கார வச்சு, தல சீவி விட்டது அவதான். கயிறு தொட்டவ."

"பாய் நம்ம ஆபீஸே இல்லையே!"

"மெசினு ரிப்பேரானப்ப அவருதான் அம்புட்டுத் தாளையும் ஸ்கேன் பண்ணிக் குடுத்தாரு."

அந்தக் காகிதத்தை நான் முழுசாகப் படிக்கவே இல்லை. கடைசியில் போட்டிருந்த எண்ணை மட்டும் பார்த்தேன். பத்தொன்பது. பத்தொன்பது பேருக்கு ஒரு ஃபோல்டரைத் திறந்துவிட்டால் அதற்குப் பெயர் சந்தை. "நடக்காது" என்று உன்னிடமே திருப்பிக் கொடுத்தேன்.

மறுவாரமே முனியசாமி எனக்கு வசதி செய்து கொடுத்தான். ஜீப் போய்வந்த தூரத்தை எழுத வந்தவன் மவுஸைப் பிடித்து இழுத்த இழுப்பில், உன் படகுத் தாள்கள் ஃபோல்டர் மொத்தமாகக் காணாமல் போயிற்று. நீ மாதாவைக் கூப்பிட்டாய். முனியசாமி முனியய்யாவைக் கூப்பிட்டான். நான் மத்தியானம் வரை தேடி, அது 'ஜீப்' என்ற ஃபோல்டருக்குள் பத்திரமாக விழுந்து கிடந்ததைக் கண்டுபிடித்தேன். பிறகு ஆடினேன் பார் ஒரு ஆட்டம்! உன் அனுமதியைப் பிடுங்கினேன். எல்லாரையும் குரூப்பிலிருந்து தூக்கினேன். உன் பெயர், உன் டைப்பிஸ்ட் பெயர், இரண்டுதான் மிச்சம். பாஸ்வேர்டை மூன்று தடவை தப்பாகப் போட்டால் கணக்கு பூட்டிக்கொள்ளும், நான் வந்துதான் திறக்க வேண்டும் என்று இன்னொரு சட்டமும் போட்டேன்.

நீ சண்டை போடவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே ஒன்று மட்டும் சொன்னாய்: "கயிறு இழுக்க ரெண்டு பேரு காணாது மதினி."

அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், உன் தம்பி போன படகு இஞ்சின் பழுதாகி, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய், அக்கரையில், அடுத்த நாட்டில், ஒதுங்கிவிட்டது. கூடப் போன இன்னொரு படகும் அதை விட்டுவர மனசில்லாமல் பின்னாலேயே போய்விட்டது. மொத்தம் ஒன்பது பேர். உயிருக்கு ஒன்றுமில்லை என்று தகவல் வந்தது. ஆனால் இவர்கள் இன்னார், இவை இந்தக் கரையின் படகுகள் என்று தாள் காட்டினால்தான் விடுவார்கள். சென்னையில் அதைக் கவனிக்கிற அதிகாரி அன்று மூன்று மணிக்கு லீவில் போகிறார், வருஷம் பிறந்து ஒரு வாரம் கழித்துத்தான் வருவார். அதற்குள் ஒன்பது பேரின் தாள்களும் ஃபேக்ஸில் போக வேண்டும். நீ உன் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாய், வருஷப் பிறப்புப் பூசைக்குத் தம்பி வீட்டில் இருப்பான் என்று.

தாள் எல்லாம் சர்வரில்தான் இருந்தது. ஒன்றுகூட விடாமல், கலரில். உன் டைப்பிஸ்ட் பிரசவத்துக்குப் பரமக்குடிக்குப் போயிருந்தாள். நீ கரையில், அழுதுகொண்டிருந்த பெண்களை விட்டு வரமுடியாமல் நின்றாய். பூத்திலிருந்து போன் போட்டு டைரக்டர் ஐயாவிடம் உன் பாஸ்வேர்டைச் சொல்லியிருக்கிறாய். அவர் கேப்ஸ் லாக்கைப் போட்டுவிட்டு மூன்று தடவை அடித்தார். பூட்டிக்கொண்டது. என் சட்டம், அப்படியே வேலை செய்தது.

நான் எங்கே இருந்தேன்? நயினார்கோவிலில், என் அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்து. பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, மடியில் மொட்டைத் தலையோடு வீறிட்டு அழுகிற பிள்ளை. ஆசாரி ஊசியை எடுக்கிற நேரத்தில் கோயில் வாசலில் ஜீப் வந்து நின்றது. புழுதியோடு முனியசாமி இறங்கி ஓடிவந்தான். நான் குரூப்பிலிருந்து விரட்டிய அதே முனியசாமி.

"மேடம், அந்தப் பொட்டிய நீங்க வந்துதான் தொறக்கணுமாம். ஒம்பது பேரு அக்கரையில மாட்டிக்கிட்டாக. நம்ம கடல் மேடம் தம்பியும்."

பிள்ளையை என்னைப் பெத்த அய்யா மடியில் போட்டுவிட்டு ஏறினேன். "ஏத்தா, சாப்பிட்டுட்டுப் போ!" என்று அய்யா கத்தியது காதில் விழுந்தது. வழி நெடுக முனியசாமி என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது. அந்த ஒன்பது பேரையும் அக்கரையில் பிடித்து வைத்திருப்பது நான்தான் என்று தோன்றியது. கயிற்றைப் பிடிங்க மதினி என்று சொன்ன பையன், என் சட்டத்தால் வருஷப் பிறப்புக்கு அங்கே கிடக்கப்போகிறான்.

ஏ.சி. அறைக்குள் ஓடியபோது மணி ஒன்றேகால். திறந்தேன். திறந்த பிறகுதான் தெரிந்தது, திறந்தது மட்டும் போதாது என்று. உன் ஃபோல்டரில் ஐந்நூறு முகங்கள். ஒவ்வொன்றுக்கும் நீ வைத்திருந்த பெயரைப் பார்த்தால், சத்தியமாக, அடிக்க வேண்டும் போல் இருந்தது. 'சின்னவன் மச்சினன்.' 'பல்லு எடுப்பு.' 'கோயிலுக்குப் பின்னால் வீடு.' வாசலில் காளியம்மா டீத் தட்டோடு நின்றாள்.

"காளியம்மா, இங்க வா. வந்து இந்த நாற்காலியில உக்காரு."

"ஆத்தி! நானா?"

"நீதான். ஒம்பது பேரு பேரு இருக்கு, மொகம் தெரியல. பாத்துச் சொல்லு."

தட்டைக் கீழே வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பெயர்களைப் படித்துச் சொல்லி, ஒவ்வொரு முகமாகக் காட்டினேன். "இவனில்ல. இவனில்ல. இந்தா, இவந்தான்! தலைக்கு எண்ணெயே வைக்க மாட்டேன்னு அடம்புடிச்சானே." படித்தவள் நான் விழித்துக்கொண்டிருக்க, எழுத்துத் தெரியாதவள் ஒன்பது பேரையும் அரை மணி நேரத்தில் பொறுக்கி எடுத்தாள். எந்தப் படகு யாருடையது என்று முனியசாமி சொன்னான். உன்னோடு எல்லாக் கரைக்கும் ஜீப்பில் அலைந்தவன் அவன்தானே. நான் மறுபடி எல்லாரையும் குரூப்பில் சேர்த்தேன். வயல் பிரிவுப் பெண்கள் மூன்று பேர் மூன்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஆளுக்கு மூன்று பேரின் தாள்களை ஒன்றாகச் சேர்க்க ஆரம்பித்தார்கள்.

இரண்டு மணிக்கு மூன்று பேரும் ஒரே குரலில், "மேடம், இடம் இல்லைங்குது" என்றார்கள்.

என் கோட்டா. வயலில் ஒன்பது ஜிபி காலியாகக் கிடக்க, கடல் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. எண்ணை மாற்றினேன். பன்னிரண்டை அழித்துப் பதினெட்டு. கண் இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை. இதற்காகவா மதினி உன்னோடு ஒரு வருஷம் மல்லுக்கட்டினேன்?

இரண்டேகாலுக்கு நம் ஃபேக்ஸ் மெஷின் காகிதத்தைத் தின்றுவிட்டு நின்றது. தாள்களை அள்ளிக்கொண்டு பட்டுப் புடவையோடு ரோட்டைக் கடந்து ஓடினேன். பாய் எழுந்து நின்று, "குடும்மா, பதறாத, அல்லா இருக்கான்" என்று ஒவ்வொரு தாளாக நீவி நீவி விட்டார். கடைசித் தாள் உன் தம்பியின் முகம். அது போய்ச் சேர்ந்தது என்று சீட்டு வெளியே வந்தபோது மணி மூன்றாக எட்டு நிமிஷம் இருந்தது. நான் பாய் கடை வாசலில், தலையிலிருந்து பூ உதிர உட்கார்ந்து, ஊரே பார்க்க அழுதேன். பாய் ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

ஐந்து மணிக்கு நீ வந்து சேர்ந்தாய். உனக்கு என்ன சொல்லுவது என்று நான் மனசுக்குள் எத்தனையோ ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். நீ ஏ.சி. அறைக் கதவைத் திறந்தாய். என் நாற்காலியில் காளியம்மா உட்கார்ந்து சில்லென்ற காற்றில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். நீ அவளைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், முதலில் சிரிப்புதான் வந்தது உனக்கு. பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாய். "என்னய மன்னிச்சிரு" என்றேன். "போ மதினி, நீயுந்தான இழுத்த" என்றாய். அதற்கு மேல் அந்த விஷயத்தை நீ சாகும்வரை எடுத்ததில்லை.

வருஷப் பிறப்புக்கு முந்தின நாள் ஒன்பது பேரும் வந்து இறங்கினார்கள். நள்ளிரவுப் பூசையில் உன் அம்மா பக்கத்தில் தம்பி நின்றான் என்று நீ சொன்னாய். அலுவலகம் திறந்த அன்று இரண்டு கூடை மீனோடு வந்தாய். வராந்தாத் தரையில் பாலித்தீனை விரித்து, கையில் அந்தப் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு கும்பம் கும்பமாகப் பிரித்தாய். பாய் பங்கை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாரும் எடுத்த பிறகும் ஒரு கும்பம் நெத்திலி மிச்சம் இருந்தது.

"இது யாருக்கு?"

"மிசினுக்கு. வள்ளத்துக்குப் பங்கு உண்டுல்ல மதினி, அப்பறம் இதுக்கு இல்லையா? அதுவும் இழுத்துச்சுல்ல."

"கிறுக்கச்சி! நாறிப் போயிரும். காளியம்மாட்ட குடு."

"சரி மதினி" என்றாய். நான் சொன்னதற்கு நீ அத்தனை சுளுவாகச் சரி என்றது அந்த ஒரு தடவைதான். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய், உப்புப் போட்டு, காயவைத்து, பொட்டலம் கட்டி, நான் இல்லாத நேரம் பார்த்து அலமாரிக்குப் பின்னால் சொருகியிருக்கிறாய்!

இன்று அந்தப் பட்டியலை முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுதி, பங்கு வாங்கியதற்கு ஒரு டிக் போட்டிருந்தாய். காளியம்மா, தலை சீவினது. முனியசாமி, ஜீப்பு. பாய், ஸ்கேன். பத்தொன்பதுக்குக் கீழே, வேறு மையில் ஒரு வரி: 'மிசினு.' அதற்கும் ஒரு டிக். சிரிப்பை அடக்க முடியாமல் மறுபடி மேலே போனேன். ஒன்றாம் எண்ணைப் பார்த்தேன். 'மதினி, கரைவலை இழுத்தது.'

உன்னோடு ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்த நாளில் எழுதியது அது. நான் நடக்காது என்று திருப்பிக் கொடுத்த காகிதத்தில் முதல் ஆள் நான்தான்.

வராந்தாவிலிருந்து கம்பெனிக்காரர் திரும்பி வந்து பெயர்களைப் புது சர்வருக்கு மாற்ற உட்கார்ந்தார். உன் பெயரில் வந்து நின்றார். "மேடம், இதுல ஒரு வருஷமா யாருமே உள்ள வரல. எடுத்துரலாமா?" அலுவலகத்தை விட்டுப் போனவர்களின் பெயரை முப்பது நாளில் நீக்க வேண்டும் என்பதும் நான் எழுதிய சட்டம்தான்.

"இருக்கட்டும்" என்றேன்.

"இந்த 'கடல் அரிப்பு ஆய்வு'ன்னு ஒரு ஃபைல் ரொம்பப் பெருசா இருக்கு. இதாவது..."

"அதத் தொட்டீங்கன்னா கைய முறிச்சிருவேன்."

மனிதர் மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். கோட்டாவை யாருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போட்டேன். ஒரு பங்கை யாருக்கும் கொடுக்காமல் பொதுவில் விட்டேன், எவருக்கு எப்போது மூச்சு முட்டுமோ தெரியாது. மத்தியானம் உன் மகள் வந்தாள். இப்போது காலேஜில் படிக்கிறாள், உன் அதே நடை. அவளை உட்கார வைத்துக் கடல் அரிப்பைப் போட்டுக் காட்டினேன். "ஏத்தா, நிமிந்து நட!" என்று உன் குரல் கேட்டதும், நாற்காலியில் கூன் போட்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். நானும் நிமிர்ந்துவிட்டேன். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தோம்.

சாயங்காலம் கம்பெனிக்காரர் கிளம்பும்போது மூக்கை உறிஞ்சினார். "பழசத் தூக்கியாச்சு, கழுவியாச்சு. இன்னமும் வாடை அடிக்கிதே மேடம்?"

அடிக்காமல் என்ன செய்யும்? மூன்று மணிக்கே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போய் நல்ல நெத்திலியாகப் பார்த்து வாங்கிவந்து, புதுசின் பின்னால் சொருகிவிட்டேன்.

"ஆமா சார்" என்றேன், பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. "எனக்கும் அடிக்கிது. நல்லாப் பாருங்க."